முடுக்குக்குள் நுழையாத முதல் கார்

டிரைவிங் ஸ்கூலில் இடது பக்கத்து சீட்டில் இருந்தே ஓய்வு பெற்றவள் நான். வலது பக்கம் இருந்து ஓட்டிய தூரத்தைவிட, இடது பக்கம் இருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன தூரம்தான் அதிகம். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்தில் இருந்து நாலு வார்த்தை எழுதித் தரும்படி நம் முதலாளி கேட்டார். கிளட்ச், கியர், எட்டு போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் அது முதலாளியின் தலைவலி. நான் எழுதப்போவது லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு நடக்கும் கூத்தைப் பற்றி.

லைசென்ஸ் வந்த மறுநாளே உங்களுக்கு போன் வரும். "டீச்சர், எந்தக் கார் எடுக்கட்டும்?" என்று கேட்பார்கள். உடனே பூரித்துப் போகாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார்கள். நீங்கள் ஆமாம் போட வேண்டும், அவ்வளவுதான். வண்டியின் நிறத்தைப் பற்றிக் கேட்பார்கள். உள்ளே இருக்கும் டிவி எத்தனை அங்குலம் என்று கேட்பார்கள். கூரையில் ஜன்னல் இல்லாத காரில் இந்தக் காலத்தில் யாராவது ஏறுவார்களா என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். வருஷத்தில் இரண்டு மழைக்காலமும் கொட்டித் தீர்த்து, மிச்ச நாளில் மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்கிற ஊரில் கூரையில் ஜன்னல் எதற்கு என்று நானும் வெகுகாலம் யோசித்தேன். பிறகு ஒரு கல்யாண ஊர்வலத்தில் பார்த்தேன். மாப்பிள்ளையின் தம்பி அதன் வழியாக இடுப்புவரை வெளியே வந்து கும்பிட்டுக்கொண்டே போனான். ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு இரண்டாம் கியருக்கு மேல் இன்னும் தெரியாது. அதனால் ஊர்வலம் ரொம்ப மரியாதையான வேகத்தில் நடந்தது.

உட்கார்ந்தால் கால் கிளட்சை எட்டுகிறதா, முன் கண்ணாடியின் ஓரத் தூண் எதிரே வருகிற பஸ்ஸை மறைக்கிறதா, தன் வீட்டு வாசலில் திரும்புமா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்ட ஒரே ஒருத்தியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஷைனிக்கு அப்போது இருபத்துமூன்று வயது. நர்சிங் படித்தவள். வீடு தேங்காய்ப்பட்டணத்தில், மாதா கோயிலுக்குப் பின்பக்கம். தக்கலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. விடியுமுன்னே டியூட்டியில் ஏற வேண்டும், சில வாரங்களில் இருட்டிய பிறகுதான் இறங்க முடியும். அவளுடைய அப்பா சூசை, மீன் ஏலத்தில் குரல் தேய்ந்தவர், ஒரே வரியில் முடித்துவிட்டார். "பொட்டப்பிள்ள இருட்டுல பஸ்ஸுக்கு நிக்காண்டாம். கார் இருந்தா வேலைக்குப் போ, இல்லன்னா வீட்ல இரி." கார் எங்கே வரப்போகிறது என்ற தைரியத்தில் சொன்னது அது. அவள் மறுவாரமே என்னிடம் வந்து சேர்ந்தாள்.

நன்றாகப் படித்தாள். கை நடுங்கும், ஆனால் கண் நடுங்காது. அந்த மாதிரி ஆட்கள் உங்களுக்குக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நடுங்காத கையோடு வருகிறவர்கள்தான் நேரே லாரிக்குள் போவார்கள்.

லைசென்ஸ் வந்தது. மாதத் தவணையை அவள் சம்பளத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று ஏற்பாடும் ஆனது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வேலையில் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். எல்லாம் சரியாக இருந்த நேரத்தில் அவளுடைய அண்ணன் பிரபின் துபாயில் இருந்து லீவில் வந்து இறங்கினான்.

பிரபினைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, அவன் நல்ல நெட்டை. வாசலில் குனிந்துதான் நுழைவான். இரண்டு, கார்களைப் பற்றி அவனுக்குத் தெரியாதது கிடையாது. துபாயில் எத்தனையோ வருஷம் கார்களுக்கு நடுவில்தான் போய்வந்தான், கம்பெனி பஸ்ஸில். ஊரில் லைசென்ஸ் எடுத்ததோடு சரி, லீவுக்கு வரும்போது கூட்டாளி வண்டியை ஓட்டுவான்.

அவன் தேர்ந்தெடுத்தது ஒரு பெரிய எஸ்யூவி. ஏழு பேர் போகலாம். வீட்டில் இருந்தது அம்மாவையும் சேர்த்து நாலு பேர். ஷைனி என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், ஒருக்கா ஷோரூம் வரைக்கும் வருவியளா?" என்று கேட்டாள். குரலைக் கேட்டதுமே விஷயம் புரிந்தது. போனேன்.

பிரபின் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "டீச்சர், காலை நீட்டி இருக்கலாம் பாத்தேளா?" என்று காட்டினான்.

"யாரு ஓட்டப் போறது பிரபின்?" என்று கேட்டேன்.

"லீவு முடியுற வரைக்கும் நான் ஓட்டுவேன். நான் போன பொறவு அப்பாக்கு ஒரு டிரைவரைப் போட்டுரலாம். இம்புட்டு பெரிய வண்டிய இவகிட்ட குடுக்க முடியுமா? இடிச்சுருவாள்லா."

"அப்பம் இவ டியூட்டிக்கு?"

"டிரைவர் கொண்டு விடுவான்."

விடியுமுன் எழுந்து வந்து ஒரு நர்சைத் தக்கலைக்குக் கொண்டுபோய் விட்டு, இருட்டிய பிறகு போய்க் கூட்டிவருகிற டிரைவரை நம் மாவட்டத்தில் நான் இன்னும் சந்திக்கவில்லை. கார் பெரிதாக ஆக ஆக, அதன் சாவி ஷைனியின் கையில் இருந்து தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. வேலையும் அதன் பின்னாலேயே போய்விடும். அது அவளுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்தது. தவணை மட்டும் அவளுடையது என்பதில் அண்ணனுக்கும் சந்தேகம் இல்லை.

வீட்டு விவகாரத்தில் டிரைவிங் ஸ்கூல்காரி தலையிடக்கூடாது. நீங்களும் தலையிடாதீர்கள். யோசனை மட்டும் சொல்லுங்கள். நான் சொன்னேன்: "வாங்குறதுக்கு முந்தி வண்டிய ஒரு தடவ வீடு வரைக்கும் கொண்டு போய்ப் பாத்துரலாமே."

எல்லோருக்கும் இது பிடித்தது. அண்ணனுக்கு ஊர் பார்க்கும் என்ற சந்தோஷம். அப்பாவுக்கு எதிர்வீடு பார்க்கும் என்ற சந்தோஷம்.

அந்த எதிர்வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூசை வீட்டுக்குப் போக ஒரு முடுக்குதான் வழி, குறுகலான சந்து. ஒரு காலத்தில் அது நல்ல அகலமாக இருந்ததாம். சூசை வீடு கட்டியபோது தன் மதிலை முடுக்குக்குள் ஒரு சாண் தள்ளிக் கட்டினார். எதிர்வீட்டு மேரி சும்மா இருப்பாளா? அவளும் தன் மதிலை ஒரு சாண் தள்ளிக் கட்டினாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. தான்தான் ஜெயித்தது என்று இருவருக்கும் திருப்தி. பாடம் படிக்க வந்த நாட்களில் ஷைனி இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். முடுக்கின் வாசலில் வண்டி நின்றதும் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிடும் என்றுதான் நான் கணக்குப் போட்டேன். ஆண்பிள்ளை வீம்பை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிரபின் ஓட்டினான். பக்கத்தில் சூசை. பின்னால் நானும் ஷைனியும், நடுவில் ஷோரூம் விற்பனையாளரும். முடுக்கின் வாசல் வந்தது. விற்பனையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இங்கயே நிறுத்திப் பாத்துரலாமா?" என்றார்.

"வீட்டு நடைக்கு முன்னால நிறுத்தாம, ரோட்ல நிறுத்தவா கார் வாங்குறோம்?" என்றான் பிரபின். உள்ளே விட்டான்.

உள்ளே ஒரு தென்னை மரத்து வளைவு வரைக்கும் போனது. வளைந்தது. வண்டிக்குள் மணி அடிக்க ஆரம்பித்தது. முன்னால் அடித்தது, பின்னால் அடித்தது, பிறகு எல்லாப் பக்கமும் சேர்ந்து அடித்தது. "நாலு பக்கமும் சென்சார் இருக்கு சார்" என்றார் விற்பனையாளர், பழக்கதோஷத்தில். சூசையின் மதிலும் மேரியின் மதிலும் எதிரெதிரே வீங்கி நிற்கிற இடத்தில் பிரபின் கொஞ்சம் மிதித்தான். நீளமாக ஒரு கோடு இழுக்கிற சத்தம் கேட்டது. விற்பனையாளர் கண்ணை மூடிக்கொண்டார். பிரபின் பதறிப்போய் ரிவர்ஸ் போட்டு, ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கக்கூடாதோ அந்தப் பக்கம் ஒடித்தான். வண்டி கோணலாகச் சிக்கி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

கதவைத் திறந்தால் நாலு விரல் திறந்து மதிலில் முட்டியது. மறுபக்கமும் அதே கதை. சூசை வயிற்றை எக்கிப் பார்த்தார். எக்கினாலும் அந்த வயிறு நாலு விரலுக்குள் அடங்குகிற வயிறு இல்லை.

இந்த நேரத்தில் மேரி தன் வீட்டுத் துவைகல்லின் மேல் ஏறி, மதிலுக்கு மேல் முகத்தை வைத்தாள். சூசையோடு பேச்சில்லாததால் ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னாள்: "காரு கொள்ளாம். நல்ல காரு. இறங்கத்தான் வழியில்ல."

"வாய மூடச் சொல்லுல அவள" என்று சூசை மகனிடம் சொன்னார்.

பிரபினுக்கு வியர்த்து ஊற்றியது. இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். ஒவ்வொரு தடவையும் மணி இன்னும் கொஞ்சம் வேகமாக அடித்தது. "லேய், இன்னொரு கோடு போட்ராத, வண்டிய நம்ம தலையில கட்டிருவானுவ" என்று அப்பா கத்தினார். கடைசியில் ஸ்டீரிங்கை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பினான். "டீச்சர், நீங்க எடுங்க. உங்களாலதான் முடியும்." விற்பனையாளர் என் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார். சூசையும், "டீச்சரே, எப்படியாவது வெளிய எடுத்துத் தாங்க" என்று கெஞ்சினார்.

இப்போது கவனியுங்கள், நம் வேலையில் முக்கியமான இடம் இதுதான். என்னால் எடுத்திருக்க முடியும். இதைவிட மோசமான முடுக்கில் இருந்தெல்லாம் எடுத்திருக்கிறேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் உன்னால்தான் முடியும் என்று சொன்னால் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் நான் எடுத்தால், டீச்சர் கெட்டிக்காரி என்று ஊர் சொல்லும், அவ்வளவுதான். ஷைனி பின் சீட்டில் இருந்தபடியே வீட்டுக்குப் போவாள். அவளை எடுக்கச் சொல்லி, அவள் இன்னொரு கோடு போட்டுவிட்டால், பார்த்தாயா இடிச்சுட்டா என்று அதோடு எல்லாம் முடியும். அண்ணன் போட்ட கோடும் அவள் கணக்கில் ஏறும். இந்த வண்டியில் என் கால் பக்கம் இரண்டாவது பிரேக்கும் கிடையாது. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஷைனியைப் பார்த்தேன். அவள் என்னையோ அண்ணனையோ பார்க்கவில்லை. பக்கத்துக் கண்ணாடியில் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னைக்கு முட்டுவலி. கிளட்ச் மிதிக்க முடியாது. ஷைனி எடுப்பா" என்றேன்.

"இவளா?" என்றான் பிரபின்.

"பின்ன நீ எடு" என்றேன். அவன் சீட்டை விட்டு எழுந்தான்.

அவ்வளவு நீளமான ஆள் முன் சீட்டில் இருந்து பின் சீட்டுக்குக் கதவைத் திறக்காமல் வருவது பார்க்க வேண்டிய காட்சி. ஒரு கால் அப்பாவின் தோளில், இன்னொரு கால் விற்பனையாளரின் மடியில். மேரி துவைகல்லின் மேல் இன்னும் வசதியாக நின்றுகொண்டாள். ஷைனி இடைவெளியில் நுழைந்து முன்னால் போய் உட்கார்ந்தாள்.

முதலில் சீட்டை முன்னால் இழுத்தாள். உயர்த்தினாள். கண்ணாடிகளைத் தன் கண்ணுக்குத் திருப்பினாள். சூசைக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, இப்பம் சீட்டா முக்கியம்?"

"ஆமா அப்பா" என்றாள். "கொஞ்சம் பேசாம இருக்கணும், கேட்டேளா."

அந்த வீட்டில் அப்பாவை அவள் பேசாமல் இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அடுத்து அவள் செய்ததுதான் நான் எதிர்பார்க்காதது. ஜன்னலைத் தாழ்த்தி மதிலுக்கு மேல் கூப்பிட்டாள்: "மேரி மாமி, ரெண்டு மதிலும் உங்களுக்குத்தான் தெரியுது. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

மேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வருஷக்கணக்காக யாரும் இந்த வீட்டில் இருந்து அவளிடம் எதையும் கேட்டதில்லை.

"பைய வா மக்கா. பொறத்த வா, பின்னால. நில்லு. எனக்க மதிலு பக்கம் ரெண்டு விரல் இருக்கு. உனக்க அப்பன் கட்டின மதிலு பக்கம் ஒண்ணுமே இல்ல. இனி முன்னால ஒரு சாண் போ. அந்த ஒரு சாணைத்தான் உனக்க அப்பன் முழுங்கிட்டாருலா, ஆனாலும் போ."

சூசையின் கழுத்து நரம்பு புடைத்தது. ஷைனி போனாள், நின்றாள், திருப்பினாள், வந்தாள். கை நடுங்கியது, நான் பார்த்தேன். கண் கண்ணாடியை விட்டு அசையவில்லை. மேரி ஒவ்வொரு தடவையும் யார் மதில் எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொன்னாள். அந்த விவரம் வண்டியை எடுக்கத் தேவையில்லை, ஆனால் யாரும் அவளை நிறுத்தும் நிலையில் இல்லை. கோணல் நேரானது. தென்னை மரத்து வளைவைத் தாண்டியது. கடைசியில் பின் சக்கரம் தார் ரோட்டில் இறங்கியதும் மணி நின்றது. புதிதாக ஒரு கோடுகூட விழவில்லை. எனக்கு அழுகை வந்தது. கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

எல்லோரும் இறங்கினோம். விற்பனையாளர் கோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரபின் சட்டையைச் சரிசெய்துகொண்டு முதல் கருத்தைச் சொன்னான். "நல்ல பவர் ஸ்டீரிங். அதான் லேசா வந்துட்டு."

சூசைக்கோ அதற்குள் மனம் மாறிவிட்டது. மகள் ஊர் பார்க்க ரிவர்ஸ் எடுத்த பெருமை முகத்தில் தெரிந்தது. "பின்ன என்ன, இதையே எடுத்துரலாம். இவளும் ஓட்டட்டும், அண்ணனும் ஓட்டட்டும். அந்த மேரிக்க மதில இடிச்சா வண்டி நேரா நடைக்கு வரும்."

முடுக்குக்குள் இருந்து சத்தம் வந்தது: "இடிக்கணும்னா முதல்ல கட்டினவன் இடிக்கட்டும்!"

நான் ஷைனியைப் பார்த்தேன். பெரிய வண்டியைத் தன்னால் ஓட்ட முடியும் என்று இப்போது அவளுக்கே தெரிந்துவிட்டது. ஊர் முழுக்கப் பார்த்தாயிற்று. இருபத்துமூன்று வயதில் அந்த ருசி பொல்லாதது. ஆமாம் என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன்.

"இது வேண்டாம்" என்றாள். "தக்கலையில ஒரு பழைய சின்ன கார் பாத்து வச்சிருக்கேன். முடுக்க டேப் வச்சு அளந்தாச்சு. கண்ணாடிய மடக்காமலே உள்ள வரும். நடையில திரும்பவும் செய்யும்."

"எது, அந்தத் தீப்பெட்டியா? போன வாரம் காட்டினியே?" பிரபின் கிட்டத்தட்ட அலறினான். "அதுல நான் ஏறிப் பாத்தேம்லா. சீட்டக் கடைசி வரைக்கும் தள்ளியும் முட்டு ஸ்டீரிங்ல இடிக்கு. நான் எப்படி ஓட்ட?"

"நீங்க ஓட்ட முடியாதுல்லா அண்ணா" என்றாள் ஷைனி. "அதுனாலதான் பாத்து வச்சேன்."

சூசை மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவ்வளவு வருஷம் இடது சீட்டில் இருந்தும் எனக்குத் தோன்றாதது அது. இஞ்சின், மைலேஜ், உதிரிப்பாகம் கிடைப்பது என்று நானும் எல்லோருக்கும் ஆலோசனை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது யாராவது வயசுப்பிள்ளைகள் வந்து முதல் கார் எது எடுக்கட்டும் என்று கேட்டால், உன் வீட்டில் வேறு யாருக்கெல்லாம் லைசென்ஸ் இருக்கிறது, அவர்களுக்குக் கால் எவ்வளவு நீளம் என்று கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். முதலில் விழிப்பார்கள், வீட்டுக்குப் போய் யோசிப்பார்கள்.

ஒன்றாம் தேதி ஷைனி வேலையில் சேர்ந்தாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் பாதிரியார் காரை மந்திரித்து ஆசீர்வதித்தார். மேரியும் வந்து நின்றாளாம். சூசை அவளிடம் பேசவில்லை, ஆனால் இனிப்பு கொடுத்தனுப்பினார்.

பிரபின் துபாய்க்குத் திரும்பிப் போகிற அன்று, சுற்று வழியானாலும் தக்கலையில் நம் ஸ்கூல் வாசலில் கார் வந்து நின்றது. ஷைனி சொல்லிக்கொள்ள இறங்கினாள். சாவியை எங்கள் பக்கம் தாக்கோல் என்போம். இறங்கும்போது அதை உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள். அந்தப் பழக்கத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. முன் சீட்டில் சூசை. டிக்கியில் அடங்காத பெட்டி பின் சீட்டில் பாதி. மீதி இடத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரபின், முழங்கால் இரண்டும் தாடைக்குப் பக்கத்தில்.

"டீச்சரே, நீங்களாவது சொல்லுங்க" என்றான். "திருவனந்தபுரம் வரைக்கும் இப்படியே இருக்கணுமாம். அப்பாக்க சீட்ட முன்னால தள்ளச் சொன்னா அவரும் தள்ள மாட்டேங்காரு. இதெல்லாம் ஒரு காரா?"

நான் பதில் சொல்லுமுன் ஷைனி உள்ளே ஏறி, தாக்கோலைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஏர்போர்ட்டுக்கு பஸ் இருக்கு அண்ணா" என்றாள். "உங்க கம்பெனி பஸ் மாதிரி, கால நீட்டி இருந்து போலாம்."

பிரபின் முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கிக்கொண்டு கதவைச் சாத்தினான்.